பெண்டிரைவில் ஏன் பாட்டு போட்டுத் தருவதில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்கினால் எங்கள் சுங்கை சிப்புட் கடையில் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "அண்ணே, இந்தப் பெண்டிரைவ் நிறையப் பாட்டு போட்டுத் தருவீங்களா?" மாட்டோம் என்கிறோம். தெரிந்த முகங்களிடம் அப்படிச் சொல்வது சங்கடமாகத்தான் இருக்கிறது. அதனால் காரணத்தை எழுதிவிடுகிறோம்.

ஏதாவது ஓர் அசல் சிடியின் பின்னட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் பொடி எழுத்தில், வட்டத்துக்குள் ஒரு 'பி', பக்கத்தில் ஓர் ஆண்டு, ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். ஒலிப்பதிவு அவர்களுடையது. வரிகளும் மெட்டும் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும், அல்லது அவர்களிடம் உரிமை பெற்றவர்களுக்கும் சொந்தம். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்தத் தட்டை மட்டும்தான்.

"பழைய பாட்டுத்தானே" என்பார்கள். நம் மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 50 ஆண்டுகள் பாதுகாப்பு. வரிக்கும் மெட்டுக்கும், படைத்தவர் மறைந்து 50 ஆண்டுகள். கண்ணதாசன் காலமானது 1981இல். 1960களில் வந்த அவர் பாட்டின் ஒலிப்பதிவுக்குக் காலம் முடிந்திருந்தாலும், வரிகளின் உரிமை இங்கே 2031 முடியும்வரை இருக்கிறது. இந்தியப் பாட்டுக்கும் இதே கதைதான். ஒரு நாட்டுப் படைப்புக்கு மற்ற நாடுகளிலும் பாதுகாப்பு தரும் பெர்ன் உடன்படிக்கையில் இரு நாடுகளும் இருக்கின்றன.

சரி, வாங்கிய சிடியை என்னதான் செய்யலாம்? வீட்டிலும் காரிலும் ஆசை தீரக் கேளுங்கள். தங்கச்சிக்குக் கொடுங்கள், அலுத்துப்போனால் விற்றும் விடுங்கள். அசல் தட்டு கைமாறுவதில் தவறில்லை. நகல் எடுத்து விற்பதும், காசுக்கு வாடகை விடுவதும், பாட்டை இணையத்தில் ஏற்றி ஊருக்கே விடுவதும் கூடாது. விற்பதற்கு நகல் எடுத்தால் நகல் ஒன்றுக்கு 2,000 முதல் 20,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. ஒரே பதிவின் திருட்டு நகல் மூன்று கையில் இருந்தாலே, அது சொந்த உபயோகத்துக்கு அல்ல என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது நம் தலையில் விழும்.

சாப்பாட்டுக் கடை, முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். வருகிறவர்கள் கேட்கும்படி பாட்டு போட, சிடி வாங்கிய ரசீது போதாது. படைப்பாளர்களுக்காக எம்ஏசிபி (MACP) என்ற அமைப்பும் ஒலிப்பதிவு நிறுவனங்களுக்காக பிபிஎம் (PPM) என்ற அமைப்பும் உரிமம் தருகின்றன. லாப நோக்கில்லாத சங்கமோ அமைப்போ, அறப்பணிக்கோ கல்விக்கோ, நுழைவுக் கட்டணம் வாங்காமல் பாட்டு போட்டால் சட்டம் விலக்கு தருகிறது. டிக்கெட் போட்டு நடத்தும் கலைநிகழ்ச்சிக்கு அந்த விலக்கு கிடையாது.

எங்களுக்கு மனத்தில் படுவது சட்டம் மட்டுமில்லை. முன் அலமாரியில் இருப்பவை நம் நாட்டுத் தமிழ்க் கலைஞர்களின் தொகுப்புகள். கைக்காசைப் போட்டு, ஒலிப்பதிவுக்கூடத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கட்டிப் பாடிய பிள்ளைகள். மோட்டார் சைக்கிளில் வந்து பத்துப் பத்தாக வைத்துவிட்டுப் போகிறார்கள். விற்ற பிறகுதான் அவர்களுக்குக் காசு. ஒரே ஒரு நகல் தோட்டத்து லயங்களில் சுற்றினால் போதும், அடுத்த மாதம் வந்து பார்க்கும்போது மிச்சம் ஒன்பதும் அப்படியே இருக்கும். அந்த முகத்தைப் பார்த்தபின் எங்களால் பெண்டிரைவை வாங்க முடிவதில்லை.

உரிமம் எடுக்க வேண்டியவர்கள் கடைக்கு வாருங்கள். விண்ணப்பப் பாரம் நிரப்ப உதவுகிறோம். அதற்குக் காசு வேண்டாம்.

அன்புடன்,
கடைக்காரர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்