ஹாலோகிராம் ஒட்டுவில்லை மட்டும்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஹாலோகிராம் பற்றிய கட்டுரையை ஆவலோடு படித்தேன். வங்கி அட்டையில் மின்னும் ஒட்டுவில்லையோடு அது முடிந்துவிட்டதில் எனக்கு வருத்தம். 1948-ல் இயற்பியலாளர் டென்னிஸ் காபோர், ஒரு பொருளில் பட்டு வரும் அலையை முழுமையாகப் பதிந்துவைக்கும் இந்த ஹாலோகிராம் முறையை வெளியிட்டதே எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் படத்தைத் தெளிவாக்கத்தான். 1971-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நுண்ணோக்கிக்காகப் பிறந்ததை நுண்ணோக்கியோடு சேர்த்துப் பேச வேண்டாமா?

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ஆண்டுதோறும் வாய்க்கால் தண்ணீரை மொண்டுவரச் சொல்லி, விலங்கியல் ஆசிரியையிடம் நுண்ணோக்கியை இரவல் வாங்கிப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். ஒரு சொட்டுக்குள் எத்தனை உயிர்! ஆனால் லென்ஸ் ஒரு மெல்லிய அடுக்கைத்தான் தெளிவாகக் காட்டும். உயிரி கொஞ்சம் மேலே நீந்தினால் மங்கிவிடும். திருகைத் திருப்புவதற்குள் ஆளைக் காணோம். பத்துப் பேர் பார்ப்பதற்குள் மணியும் அடித்துவிடும்.

ஹாலோகிராமைக் கேமராவில் பதிந்து, கணினியால் உருவத்தை மீட்கும் டிஜிட்டல் ஹாலோகிராபியில் இந்தத் தவிப்பு இல்லை. உயிரியில் பட்டுச் சிதறிய ஒளியலையும், எதிலும் படாமல் நேரே வந்த அலையும் கேமரா சில்லின் மேல் சேர்ந்து வளையம் வளையமாகக் கோலம் போடுகின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் அதே குறுக்கீட்டு விளைவுதான். உயிரி எந்த ஆழத்தில் இருந்தது என்பதும் அந்தக் கோலத்திலேயே பதிந்திருக்கிறது. கணினி அந்த அலையைப் பின்னோக்கி நடத்திக் கணக்கிடும். எடுத்தது ஒரே படம். குவியத்தைப் பிறகு எந்த ஆழத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். குட்மன், லாரன்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1967-லேயே இப்படி உருவத்தை மீட்டுக் காட்டினார்கள்.

இன்னொரு பயன் என்னை மிகவும் கவர்ந்தது. சாயம் ஏற்றாத உயிரணு கண்ணாடி போன்றது, சாதாரண நுண்ணோக்கியில் சரியாகத் தெரியாது. ஆனால் அதற்குள் நுழைந்து வரும் ஒளி சற்றுப் பின்தங்குகிறது. அந்தக் கட்ட வேறுபாட்டை ஹாலோகிராம் அளந்துவிடும். சாயம் ஏற்றிக் கொல்லாமலே, உயிரோடு இருக்கும் ரத்தச் சிவப்பணுவின் மேடுபள்ளத்தை நானோமீட்டர் கணக்கில் வரைந்துவிடலாம்.

எளிய வடிவத்துக்கு ஓர் எல்.இ.டி. விளக்கு, ஊசித்துளை, லென்ஸைக் கழற்றிய வெப்கேமரா, ஒரு கணினி இருந்தால் தொடங்கலாம். நெரிசலான சொட்டில் கோலங்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் என்பதும் உண்மை. ஆடிப்பெருக்கின் கலங்கல் தண்ணீருக்கு இது உதவாது. ஆனால் வேதாரண்யம் பக்கத்து இறால் குட்டைகளில் நுண்பாசியைக் கவனித்துவர இது நிச்சயம் கைகொடுக்கும் என்று நம்புகிறேன்.

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைக் கல்லூரிகளின் இயற்பியல் துறைகள் ஆளுக்கொரு கருவி செய்து, பக்கத்துப் பள்ளிகளுக்குக் கொண்டுவர வேண்டும். செய்முறையைப் படங்களோடு தமிழில் நீங்கள் வெளியிட வேண்டும். தை பிறந்ததும், மேட்டூர் அணையை அடைப்பதற்குள் வந்தால் நல்லது. அப்போது எங்கள் வாய்க்கால் தெளிந்திருக்கும்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்,
திருவாரூர் மாவட்டம்.