அந்த முழு வீடியோவைக் குடுங்க சார்

மேனேஜர் சாருக்கும், எச்ஆர் மேடத்துக்கும், வக்கீல் இல்லன்னு சொல்லிக்கிற அந்த வக்கீல் சாருக்கும் வணக்கம்.

கம்பெனி சரக்கைத் திருடிட்டேன்னு என்னை குடோன் வேலையை விட்டு எடுத்தீங்க, அது உங்களுக்கே தெரியும், மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கல. போன செவ்வாய்க்கிழமை, வேலைத் தகராறுகளை விசாரிக்கற தென்னாப்பிரிக்க ஆணையம் சிசிஎம்ஏ-ல 9 மணிக்கு ஹியரிங், 8.40க்கு வாசல்ல வச்சு 214 பக்க ஃபைலை என் கையில திணிச்சீங்களே, அதைப் பத்திதான். மூணு வாரமா ஈமெயில் மேல ஈமெயில் போட்டேன், ஒத்தப் பேப்பர் வரல, அன்னிக்கு மட்டும் கிலோ கணக்குல வருது. நின்னுக்கிட்டே புரட்டினா 87ஆம் பக்கத்துல நான். கேமராவுல எடுத்த போட்டோவாம், ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து மூஞ்சி கரிச்சட்டி மாதிரி இருக்கு, சட்டையை வச்சுத்தான் நான்னே தெரிஞ்சுது. கையில வெள்ளை டப்பா, கீழ ‘கம்பெனி சரக்கு’ன்னு எழுதியிருக்கு.

சார், அது ரெண்டு லிட்டர் ஐஸ்க்ரீம் டப்பா. உள்ள புளிச்சோறு. நம்ம இந்திய ஜனங்க இருக்கற டர்பன் சாட்ஸ்வொர்த்துல எந்த வீட்ல ஐஸ்க்ரீம் டப்பாவுல ஐஸ்க்ரீம் இருக்கு? கேட்டுக்கு வெளிய மரத்தடியில உக்காந்து அதைத் தொறந்து சாப்பிட்டேன், வீடியோவை இன்னும் பத்து நிமிஷம் ஓடவிட்டா அதுவும் தெரியும். நீங்க காட்டுறது 40 செகண்ட். மீதி லோட்ஷெட்டிங்ல போச்சுன்னாங்க மேடம். அந்த 40 செகண்டுக்கு மட்டும் கரண்ட் வந்துட்டுப் போச்சு போல. முழு வீடியோவைக் குடுங்க.

நியாயமாத்தான் வேலையை விட்டு எடுத்தோம்னு நிரூபிக்க வேண்டியது நீங்கதான்னு 1995 லேபர் சட்டம் 192ஆம் பிரிவே சொல்லுது, அப்புறம் எதுக்கு ஒளிச்சு வைக்கறீங்க?

அட்டர்னி ஆபீஸ்ல இருக்கற என் அக்கா பையன் எனக்காகப் பேச வந்தா, சிசிஎம்ஏ-வோட 25ஆம் ரூல், மிஸ்கான்டக்ட் கேஸ்ல பொதுவா எதிர்த்தரப்பு சம்மதிக்காம வக்கீல் பேச முடியாது, நாங்க சம்மதிக்க மாட்டோம்னீங்க. அந்த ரூல் 2013ல அப்பீல் கோர்ட் வரைக்கும் போய் நின்ன ரூல்தான், எளியவனும் சரிசமமா உக்காரணும்னு போட்டது, தப்பு சொல்லல. ஆனா உங்க பக்கம் கோட்டு போட்டு உக்காந்தவரு ‘நான் வெறும் எம்ப்ளாயி’ங்கறாரு. பதினோரு வருஷத்துல ஒருநாள்கூட அவரை குடோன் பக்கம் நான் பாத்ததில்ல.

1860ல மெட்ராஸ்லேருந்து ட்ரூரோ கப்பல்ல இங்க ஒப்பந்தக் கூலியா வந்தவங்க என்ன எழுதியிருக்குன்னு தெரியாமலே கைநாட்டு வச்சாங்கன்னு, அவங்க வந்து சேர்ந்த நாளான நவம்பர் 16க்கு ஒவ்வொரு வருஷமும் மேடையில உருகிப் பேசறீங்க மேனேஜர் சார். அவங்களுக்காவது பேப்பரைக் கண்ணுல காட்டினாங்க.

சரி, கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிக்கணும். தயவுசெஞ்சு அடுத்த ஹியரிங்குக்கு ஒரு வாரம் முன்னாடியே முழு வீடியோவைக் குடுங்க, அக்கா பையன் உக்கார ‘சரி’ன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. வீடியோவை பென்டிரைவ்ல போட்டா போதும், பென்டிரைவ் நானே வாங்கிட்டு வந்து செக்யூரிட்டிகிட்ட குடுத்துட்டுப் போறேன், உள்ளகூட வரல.