சலான் வண்டிக்கு, ஓட்டுநருக்கு என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே மாதத்து ஆய்வில் பள்ளி வாகனத்தின் அவசரக் கதவு, தரைப்பலகை, தீயணைப்பான் எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கிறார்கள். ஸ்டியரிங் பிடிப்பவர் இதுவரை எப்படி ஓட்டினார் என்று விசாரிக்கும் வேலை பள்ளி நிர்வாகத்துடையது. அது பெரும்பாலும் லைசென்ஸ் ஜெராக்ஸோடு முடிந்துவிடுகிறது.

மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில், லைசென்ஸ் விவரங்களுக்கான சாரதி பக்கத்தில் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்தால் லைசென்ஸ் செல்லுபடியில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அங்கே இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கும். சொந்த வண்டிக்கானது 2035 வரைகூட இருக்கலாம். டிரான்ஸ்போர்ட்டுக்கானதை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அது போன மாதமே முடிந்திருக்கும், ஜெராக்ஸைப் பார்ப்பவர் கண்ணில் தூரத்துத் தேதிதான் படும்.

போக்குவரத்து அபராதச் சீட்டான சலான் ஏதும் இருக்கிறதா என்று இ-சலான் தளத்தில் லைசென்ஸ் எண்ணைப் போட்டுத் தேடலாம். 'ஒன்றும் இல்லை' என்று வந்தால் உடனே வேலைக்கு எடுத்துவிட வேண்டாம். கேமராவில் சிக்கும் அதிவேகமும் சிக்னல் மீறலும் வண்டி எண்ணில்தான் ஏறும். முதலாளி பணம் கட்டுவார், சம்பளத்தில் பிடிப்பார். ஓட்டியவரின் லைசென்ஸில் ஒன்றும் பதியாது. ஆகவே கடைசியாக ஓட்டிய வண்டிகளின் எண்களைக் கேட்டு வாங்க வேண்டும். தளம் சேசிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி 5 இலக்கத்தையும் கேட்கும் என்பதால் பழைய முதலாளியின் தயவு தேவை. சலான் விழுந்த நாளின் டிரிப் ஷீட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதையும் அவரிடமே கேட்டுவிடலாம். தர மறுத்தால் அதுவே பாதி பதில்.

விபத்து வழக்கு வேறு சங்கதி. பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 281 (அஜாக்கிரதையாக ஓட்டுவது), 106 (அலட்சியத்தால் மரணம் விளைவிப்பது) பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். பதிவானாலும், ஆர்.டி.ஓ. லைசென்ஸை முடக்காதவரை சாரதியில் எல்லாம் சரியாகவே தெரியும். தமிழ்நாடு காவல்துறையின் ஆன்லைன் சரிபார்ப்புக்கு விண்ணப்பிப்பதுதான் வழி. பள்ளி திறக்கும் அவசரத்தில் பலரும் தவிர்ப்பது இதைத்தான்.

எம்.சி.மேத்தா வழக்கில் 1997-லேயே டெல்லி பள்ளிப் பேருந்துகளுக்கு உச்ச நீதிமன்றம் கோடு போட்டுவிட்டது: சிறு விதிமீறலுக்கு ஓராண்டில் இரண்டு முறைக்கு மேல் சலான் வாங்கியவரும், அஜாக்கிரதையாக ஓட்டிய வழக்கில் சிக்கியவரும் ஓட்டக்கூடாது. ஓட்டுநர் பெயரோடு சேராத சலானை வைத்து இரண்டா மூன்றா என்று எப்படி எண்ணுவது?

அடுத்த மே ஆய்வில் வண்டி ஆவணங்களோடு ஒவ்வொரு ஓட்டுநருக்கும் ஒரு கோப்பையும் போக்குவரத்துத் துறை கேட்கட்டும். சாரதி பக்கத்தின் அச்சுப்படி, காவல்துறைச் சான்று, முந்தைய ஆண்டு சலான் ஒவ்வொன்றுக்கும் எதிரே அன்று ஓட்டியவர் பெயர். இது போதும்.

இப்படிக்கு,
வாசகர், நாமக்கல்