கெசட் முதலில், பாராளுமன்றம் பிறகு

ஆசிரியருக்கு,

இலங்கையில், கொழும்புப் புறக்கோட்டையில் மசாலாச் சாமான் மொத்தமாக விற்கிறவன் நான். மஞ்சள் இறக்குமதியை நிறுத்திய காலத்திலிருந்து எங்கள் தெருவில் காலைத் தேத்தண்ணியோடு முதலில் விசாரிப்பது, "ராத்திரி கெசட் ஏதும் வந்ததா?" என்பதைத்தான். அமைச்சர் போடும் ஒழுங்குவிதிகள் வெளிவரும் அரசாங்க வர்த்தமானியைத்தான் கெசட் என்கிறோம்.

அமைச்சர் நினைத்தபடியெல்லாம் கெசட் போட முடியாது, பாராளுமன்றம் ஒரு சட்டத்தில் அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்க வேண்டும். அரசியலமைப்பின் 76ஆம் உறுப்புரை அதற்கு இடம் விட்டிருக்கிறது. இறக்குமதிக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சரி, ஒவ்வொரு சாமானுக்கும் சட்டமூலம் கொண்டுவந்து விவாதித்துக்கொண்டிருக்க முடியாதுதான்.

ஆனால் கெசட்டில் வந்ததும் அது சட்டம், பாராளுமன்றத்துக்குப் போவது அப்புறம். அங்கே ஏற்கலாம் அல்லது நிராகரிக்கலாம். நிராகரித்தாலும் அன்றிலிருந்துதான் ரத்து, அதற்கு முன் அதன் கீழ் நடந்தது நடந்ததுதான் என்று நம் சட்டங்கள் பலவற்றில் ஒரு வாசகம் வழக்கமாகவே இருக்கிறது. 2021 மே மாதம் இரசாயன உரத்தைத் தடுத்ததும் இப்படி ஒரு கெசட்தான். நவம்பரில் திரும்பப் பெற்றார்கள், அதற்குள் விவசாயி பட்டதை எந்தத் தீர்மானம் திருப்பிக் கொடுக்கும்?

நீதிமன்றம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. சபாநாயகர் கையொப்பமிட்ட சட்டத்தை அசைக்க முடியாது, கெசட்டை அசைக்கலாம். 2021இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வந்த புனர்வாழ்வு ஒழுங்குவிதிகளை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனால் அந்தத் தீர்ப்பு வந்தது 2023 நவம்பரில். கொள்கலன் துறைமுகத்தில் நிற்கிறவன் இரண்டரை வருஷம் காத்திருப்பானா?

இந்திய மக்களவையில் இப்படி வரும் ஒழுங்குவிதிகளைப் பார்ப்பதற்கென்றே 1953இலிருந்து ஒரு குழு இருக்கிறது. இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும். உண்மையிலேயே அவசரமில்லாத ஒழுங்குவிதியின் வரைவைச் சில வாரம் முன்னதாகவே வெளியிடட்டும், தமிழிலும்தான். 23ஆம் உறுப்புரைப்படி எல்லாம் தமிழிலும் வர வேண்டியவை. போன மாதம் ஒன்றைத் தேடினேன், சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, தமிழ் இல்லை, கடைசியில் பக்கத்துக் கடை முதலாளிதான் சிங்களத்தில் வாசித்துச் சொன்னார்.

அதுவரை உங்கள் பத்திரிகையாவது வாரத்துக்கு ஒருநாள், வந்த கெசட்டுகளில் எது எப்போது பாராளுமன்றத்துக்குப் போகிறது என்று ஒரு மூலையில் போட்டால் என்ன?

வியாபாரி ஒருவன்,
கொழும்பு 11