770 ஆட்டங்கள் ஆடிய லெஃப்ட் பேக்

ஆசிரியருக்கு வணக்கம்.

இங்கிலாந்து கால்பந்து என்றால் நம் விளையாட்டுப் பக்கங்களுக்குப் பிரீமியர் லீக் கோல்களும் வீரர்கள் விலைபோன தொகையும்தான் செய்தி. கீழ் டிவிஷனில் ஆடும் பேக் (பக்கவாட்டுத் தடுப்பாட்டக்காரர்) ஒருவரை அந்தத் தராசில் நிறுத்தால் ஒன்றும் தேறாது. அவருடைய கணக்கு வேறு: எத்தனை லீக் ஆட்டங்கள்?

ஜான் டிரோலோப் என்ற பெயரை இங்கே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஸ்விண்டன் டவுன் அணியின் லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர். 1960-இல் முதல் லீக் ஆட்டம், 1980-இல் கடைசி ஆட்டம். ஒரே அணிக்காக 770 லீக் ஆட்டங்கள். போர்ட்ஸ்மவுத் அணிக்கு ஜிம்மி டிக்கின்சன் ஆடிய 764-ஐத் தாண்டிய அந்த எண்ணிக்கையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. இந்த இருபது ஆண்டுகளில் பெரும்பகுதி மூன்றாம் டிவிஷன். இடையில் சில பருவங்கள் இரண்டாம் டிவிஷன். அன்று உச்ச நிலையாக இருந்த முதல் டிவிஷன் பக்கமே போகவில்லை. 1961 முதல் 1968 வரை ஓர் ஆட்டமும் தவறாமல் 368 ஆட்டங்கள் ஆடினார். கை முறிந்த பிறகுதான் அந்தத் தொடர் அறுந்தது.

இதை வெறும் விசுவாசம் என்று எழுதிவிடுவது சுலபம். அன்றைய விதிகளையும் பார்க்க வேண்டும். அவர் ஆடத் தொடங்கியபோது வீரரின் வாரச் சம்பள உச்சவரம்பு 20 பவுண்டு. 1961 ஜனவரியில்தான் அது நீங்கியது. ஒப்பந்தம் முடிந்தாலும் வீரரின் பதிவைக் கிளப் பிடித்து வைத்துக்கொண்டு, வேறு அணிக்குப் போகவிடாமல் தடுக்க முடிந்தது. ஜார்ஜ் ஈஸ்தாம் என்ற வீரர் தொடுத்த வழக்கில் 1963-இல் வந்த தீர்ப்பு அந்தப் பிடியைத் தளர்த்தியது. ஒப்பந்தம் முடிந்தவர் கட்டணமின்றி வெளியேறலாம் என்ற நிலை பெல்ஜிய வீரர் போஸ்மன் வழக்கில் 1995-இல் வந்த தீர்ப்புக்குப் பிறகுதான் வந்தது. ஆக, 770-இல் அந்த மனிதரின் உடம்பும் இருக்கிறது, அந்தக் காலத்துச் சட்டமும் இருக்கிறது.

கீழ் டிவிஷன்காரருக்குப் பெரிய மேடை வாழ்நாளில் ஒரு முறை கிடைத்தாலே அதிகம். டிரோலோப்புக்கு அது 1969 மார்ச் 15. லண்டன் வெம்ப்ளி மைதானத்தின் சேற்றில் லீக் கோப்பை இறுதி, எதிரே முதல் டிவிஷன் அணியான ஆர்சனல். 1-1 என்று கூடுதல் நேரத்துக்குப் போன ஆட்டத்தில் டான் ரோஜர்ஸ் இரண்டு கோல் போட, ஸ்விண்டன் 3-1 என வென்றது. மூன்றாம் டிவிஷன் அணி என்பதால் ஐரோப்பியப் போட்டியில் அவர்களுக்கு இடம் தரவில்லை. இத்தாலியின் ரோமாவுடன் ஆட வேறொரு கோப்பையையே உருவாக்கினார்கள். அதிலும் ஸ்விண்டன்தான் வென்றது!

இன்றைய பேக்கின் பாதை இப்படி நேர்கோடாக இருக்காது. 16 வயதில் கிளப்பின் இரண்டாண்டுப் பயிற்சி. 18-இல் ஒப்பந்தம் கிடைக்காமல் வெளியேறுபவர்களே அதிகம். கிடைத்தவருக்கும் பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டுதான். அணிக்கு 46 லீக் ஆட்டங்கள். அதற்கு மேல் கோப்பை ஆட்டங்கள். சனிக்கிழமை ஆடிய காலோடு செவ்வாய் இரவு மறுபடி இறங்க வேண்டியிருக்கும். மே மாதம் வந்தால் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று கிளப் பட்டியல் வெளியிடும். முழங்காலோ தொடைத் தசையோ பருவத்தின் இறுதியில் போனால் இரட்டை நஷ்டம்: புது ஒப்பந்தம் பேச வேண்டிய நேரத்தில் ஆடிக் காட்ட முடியாது. தடுப்பாட்டக்காரருக்கு மஞ்சள் அட்டைத் தொல்லையும் உண்டு. முதல் 19 லீக் ஆட்டங்களுக்குள் ஐந்து வாங்கினால் ஓர் ஆட்டத் தடை. 37-க்குள் பத்து என்றால் இரண்டு. அந்த இடைவெளியில் உள்ளே வந்த இளைஞன் நன்றாக ஆடிவிட்டால், தடை முடிந்தவர் பெஞ்சில்தான்.

தாக்குப்பிடித்தவரும் இருக்கிறார். கிரஹாம் அலெக்சாண்டர் ஸ்கன்தோர்ப், லூட்டன், பிரஸ்டன் என்று ரைட் பேக்காக ஆடி, பர்ன்லியில் நடுக்களத்துக்கு மாறினார். வேகம் குறையும் வயதில் பக்கவாட்டை விட்டு நடுவுக்கு வருவது பேக்குகள் ஆட்டத்தை நீட்டிக்கும் வழிகளில் ஒன்று. பெனால்டி அடிப்பதில் கெட்டிக்காரர் என்பதும் அவருக்குக் கைகொடுத்தது. பிரீமியர் லீகில் முதன்முதலாக இறங்கியபோது அவருக்கு வயது 37. பிரஸ்டனுக்குத் திரும்பி, 2012-இல் தன் கடைசி ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் ஃப்ரீ கிக்கில் கோல் போட்டுச் சமன் செய்தார். மொத்தம் ஆயிரம் ஆட்டங்களுக்கு மேல்.

ஆங்கிலப் புள்ளிவிவரங்களில் 38+4 என்றிருந்தால், 38 ஆட்டங்களில் தொடக்கத்திலிருந்தும் 4 ஆட்டங்களில் மாற்று வீரராகவும் இறங்கினார் என்று பொருள். நம் பக்கங்களிலும் ஒரு வீரர் அணி மாறும் செய்தியில், தொகைக்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் போடலாம். ஒரு வரிகூட ஆகாது.

இப்படிக்கு,
கால்பந்து வாசகர் ஒருவர்