ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்கள்: பட்டியல் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாணவர் இணைப்பில் சில வாரங்களாக வரும் ஆங்கிலச் சொல் பகுதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஒரு வாரம் ‘ஐ, ஜி, எச், டி என்று முடியும் ஐந்தெழுத்துச் சொற்கள்’, அடுத்த வாரம் ‘ஓ, யூ, ஜி, எச் என்று முடியும் ஐந்தெழுத்துச் சொற்கள்’ என்று கட்டம் கட்டிப் போடுகிறீர்கள், பக்கத்திலேயே தமிழ்ப் பொருள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. ஆனால் பிள்ளைகள் அதை எப்படிப் படிக்கிறார்கள் தெரியுமா? மாலையில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் ஏழாம் வகுப்புப் பெண், பைட் என்றால் கடற்கரை வளைவு, வைட் என்றால் பழைய வழக்கில் மனிதன் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். அதே பட்டியலில் எட்டு என்ற எண்ணுக்கான சொல்லையும் ‘ஐட்’ என்றே வாசித்துவிட்டுப் போனாள். எல்.கே.ஜி.யிலிருந்து ஒன், டூ, த்ரீ சொல்லும் பிள்ளை! சைட், டைட் என்று வந்த வேகத்தில் எயிட்டும் ஐட் ஆகிவிட்டது. அவளைக் குறை சொல்ல மாட்டேன், பட்டியல் அப்படித்தான் வாசிக்கச் சொல்கிறது.

இப்படிக் கடைசி எழுத்தையும் நீளத்தையும் வைத்துச் சொற்களைத் திரட்டுவது ‘வேர்டில்’ என்ற இணையச் சொல் விளையாட்டு வந்த பிறகு ரொம்பப் பரவிவிட்டது. ஐந்தெழுத்துச் சொல் ஒன்று, ஆறு வாய்ப்பு; எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, சொல்லில் இருந்தும் இடம் மாறியிருந்தால் மஞ்சள், இல்லவே இல்லை என்றால் சாம்பல். ஜாஷ் வார்டில் என்பவர் தன் துணைவி பலக் ஷாவுக்காகச் செய்த இந்த விளையாட்டு 2021 அக்டோபரில் பொதுவில் வந்தது, 2022 ஜனவரியிலேயே நியூயார்க் டைம்ஸ் வாங்கிவிட்டது. இதில் எனக்குப் பிடித்த சேதி வேறு. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் சுமார் 12,000 இருக்க, விடையாக வரக்கூடியவற்றை ஏறக்குறைய 2,500 ஆகச் சுருக்கினார்கள். எப்படி? பலக் ஷா ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து, இது எனக்குத் தெரியும், இது தெரியாது என்று பிரித்துக் கொடுத்தார். பொழுதுபோக்கு விளையாட்டுக்கே இவ்வளவு சலித்திருக்கிறார்கள், ஏழாவது படிக்கும் பிள்ளைக்கு நாம் பைட்டையும் வைட்டையும் கொடுக்கிறோம்.

விளையாட்டில்கூட இந்தப் பட்டியல் பாதி தூரம்தான் கூட வரும். நைட் என்று முதலில் போட்டு, முதல் எழுத்து மட்டும் தப்பு, மற்ற நான்கும் பச்சை என்று வைத்துக்கொள்வோம். அன்றாடம் புழங்கும் சொற்களில் லைட், மைட், ரைட், சைட், டைட், ஃபைட், எயிட் என்று ஏழு பாக்கி, கையில் இருப்பது ஐந்து வாய்ப்பு. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் தோற்கவும் செய்யலாம். விவரமானவர்கள் அடுத்ததாக ‘ஃபிலிம்ஸ்’ என்று போடுவார்கள். அது விடையாக இருக்கவே முடியாது என்று தெரிந்தேதான். எஃப், எல், எம், எஸ் நான்கும் அதில் இருப்பதால் ஒரே அடியில் நான்கு சொற்களுக்குத் தீர்ப்பு கிடைத்துவிடும். நான்குமே இல்லை என்றாலும் ரைட், டைட், எயிட் மூன்றுதான் மிச்சம், வாய்ப்போ நான்கு இருக்கிறது. (கிடைத்த எழுத்துகளை அடுத்த சொல்லிலும் வைத்தே ஆக வேண்டும் என்கிற கடின முறையில் இந்த வித்தை செல்லாது.) பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது இந்த யோசனையை. இதைப் பட்டியலில் எங்கே தேடுவது?

மனப்பாடம் பண்ணினால் சொல்வளம் தானாக வந்துவிடும் என்பவர்களுக்கு ஒரு சேதி. எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டில் 2015-இல் பிரெஞ்சு மொழி உலகப் பட்டம் வென்ற நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸுக்குப் பிரெஞ்சு பேச வராது. சில வாரங்கள் உட்கார்ந்து பிரெஞ்சுச் சொற்களை மனதில் ஏற்றிக்கொண்டு போனார், ஜெயித்தார். 2024-இல் ஸ்பானிஷ் மொழியிலும் அதே கதை. அபார மூளை, சந்தேகமில்லை. ஆனால் பிரெஞ்சு கற்றுக்கொள்ள அதுதான் வழி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்த முதல் பட்டியலுக்கு அடுத்த வாரம் போட்டீர்களே, ஓ-யூ-ஜி-எச் பட்டியல், அதில்தான் எனக்குக் கோபமே வந்தது. கடினத்துக்கு டஃப், சொரசொரப்புக்கு ரஃப். சரி. இருமலுக்குக் காஃப். பிசைந்த மாவுக்கோ டோ, மரக்கிளைக்குப் பவ். கடைசி நான்கு எழுத்தும் ஒன்றேதான், ஒலி மட்டும் நாலு விதம். ஆங்கிலத்தின் வேடிக்கையே இங்கேதான் இருக்கிறது, நீங்கள் உச்சரிப்பைப் போடாமல் விட்டுவிட்டீர்கள். இனி இதைப் படிக்கிற பிள்ளை மாவு பிசைவதை ‘டஃப்’ என்று சொல்லித் திரியும்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சொல்லுக்குப் பக்கத்தில் உச்சரிப்பைத் தமிழில் போடுங்கள். எழுத்து மாறி ஒலி ஒன்றாக இருப்பவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்: நைட்டும் லைட்டும் ஒரு பக்கம், டி, இ என்று முடியும் ஒயிட்டும் குவைட்டும் ஒரு பக்கம். ‘வலது’ என்பதற்கு ‘எழுது’ என்பதன் ஸ்பெல்லிங்கை எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள், அவர்களுக்குத்தான் முதலில் உதவும். அப்புறம், மாதம் ஒரு தடவையாவது பட்டியலுக்குப் பதில் கட்டங்களை வெறுமையாக விட்டு, இரண்டு மூன்று தப்பான ஊகங்களையும் அவற்றில் எந்த எழுத்து சரி என்பதையும் மட்டும் கொடுத்து, மீதியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விடையைக் குறுக்கெழுத்துக்குச் செய்வதுபோல அடுத்த வாரம் போட்டால் போதும். அதே பக்கத்தில் தலைகீழாக அச்சடித்தால் பிள்ளைகள் முதலில் பேப்பரைத்தான் திருப்புவார்கள்.

– வாசகி, திண்டுக்கல்