கருத்துப்போன கொலுசு

சேலம்,
ஞாயிறு காலை

மாப்ள,

எட்டு மாசமா பதில் போடலை. திட்டுறதைப் பொங்கலுக்கு வரும்போது நேரிலேயே திட்டு. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. மொட்டையோட பையனுக்கு ஓசூரில் வேலை கிடைச்சிருக்கு. ஸ்வீட் பாக்ஸோட வந்த மொட்டை, வழக்கம்போல பாதியைத் தானே தின்னுட்டுப் போனான்.

விஷயம் இதுதான்: எங்க காலேஜோட சேர்ந்து வேலை செய்ய வந்த ஒரு ஜவ்வரிசி ஆலையை நானே கெடுத்துக்கிட்டேன்.

சிரிக்காதே. எங்க காலேஜ் வராண்டாவில் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிற, கம்பெனிகளோட போட்ட ஒப்பந்தங்களைப் பார்த்திருக்கியே, சால்வை, போட்டோ, அதோட சரி. ஆத்தூர் ரோட்டு ஆலைக்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. ஆனா வேலை நடந்தது அங்கே மட்டும்தான்.

முதல்ல முப்பது பக்கத் திட்ட அறிக்கையோட போனேன். முதலாளி அதைத் திறக்கவே இல்லை. "வாத்தியாரே, கேஸ் இன்ஜின் ஆறு மாசத்துக்கு ஒருக்கா புஷ் தின்னுது, அதுக்கு வழி சொல்லுங்க"ன்னார். புஷ்ஷுன்னா இன்ஜினுக்குள்ள சுத்துற தண்டைத் தாங்குற உலோக வளையம். மரவள்ளிக் கிழங்கு அரைச்ச தண்ணியை மூடின தொட்டியில் புளிக்கவிட்டு, வர்ற வாயுவில் ஜெனரேட்டர் ஓட்டுறாங்க. கோளாறைக் கண்டுபிடிச்சது நான் இல்லை. தொட்டிப் பக்கம் கிழங்குச் சக்கையான திப்பியை அள்ளிட்டிருந்த அக்கா காலை நீட்டிக் காட்டினாங்க. செவ்வாப்பேட்டையில் வாங்கின புதுக் கொலுசு, ரெண்டே மாசத்தில் கரி. தொட்டி வாயுவோட கலந்து வர்ற ஹைட்ரஜன் சல்பைடு, வேற என்ன! வெள்ளியைக் கருக்குறது, புஷ்ஷில் இருக்கிற செம்பை விடுமா?

எங்க லேத் பட்டறையில் துருப்பிடிச்சுக் கிடந்த இரும்புச் சுருளை ஒரு டிரம்மில் அடைச்சு, வாயுவை அது வழியா விட்டோம். துரு கந்தகத்தைப் பிடிச்சுக்கும். பத்து நாள்ல அழுகின முட்டை நாத்தம் போயிடுச்சு. கருத்த சுருளை வெளியே கொட்டிக் காத்தில் ஆறவிட்டா திரும்பத் துருவாகும்னு புத்தகத்தில் படிச்சிருந்தேன். சூடாகும்னும் படிச்சிருந்தேன், மறந்துட்டேன். களத்தில் கொட்டினதும் புகைஞ்சது பாரு! காயப்போட்ட ஜவ்வரிசிக்குப் பக்கத்திலேயே. அந்த அக்காதான் குடத்துத் தண்ணியை ஊத்தி அணைச்சாங்க. பி.டெக். காலத்து ஹாஸ்டல் ஹீட்டர் கேஸ் ஞாபகம் வந்திருக்குமே உனக்கு.

அதுக்கப்புறம் முதலாளி கேட்டையே திறந்து விட்டுட்டார். வெல்டிங் கூலியை அவரே கொடுத்தார். ஐ.ஐ.டி.க்காரங்க ஆராய்ச்சிக்காக 2015-ல் வந்த மத்திய அரசோட உச்சதர் ஆவிஷ்கார் திட்டத்தில், செலவில் தொழிற்சாலை 25 சதவீதம் போடணும்னு விதி வெச்சது ஏன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது. காசு போட்டவன் தினமும் டிரம்மைப் போய்ப் பார்க்கிறான்.

அப்புறம்தான் என் கிறுக்குத்தனம். என் ஆராய்ச்சி மாணவி கருத்தரங்குக்கு ஒரு கட்டுரை எழுதினா. அதில் ஆலை பேரோட கழிவுநீர் எண்களும் இருந்தது. தொட்டிக்குள்ள போறதுக்கு முன்னாடி எடுத்த அளவு அது. படிக்கிறவன் வெளியே விடுற தண்ணின்னுதான் நினைப்பான். தப்பு அவளோடது இல்லை. என் பேரும் அதில் இருக்கு, நான் முழுசாப் படிக்காமலே சரின்னுட்டேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காரங்க வந்து நின்னா என்ன பதில் சொல்றதுன்னு முதலாளி கேட்டார். கோபப்படலை மாப்ள. அதுதான் தாங்கலை. மறுநாள் வாட்ச்மேன் எங்களை உள்ள விடலை.

அவளுக்கு முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வேணும், அவருக்கு ஆலை பேர் வெளியே வரக்கூடாது. ரெண்டும் நியாயம். இதை முதல் நாளே டீக்கடையில் உட்கார்ந்து பேசியிருக்கணும்: எந்த எண் வெளியே போகலாம், யார் முதல்ல படிக்கணும், எத்தனை நாளுக்குள்ள. கிழங்கு வரத்து உச்சத்தில் இருக்கிறப்ப எங்களுக்கு செமஸ்டர் பரீட்சை, நாங்க சும்மா இருக்கிற மே மாசத்தில் ஆலை சும்மா கிடக்கு, அதையும்தான். எங்க ஆண்டு அறிக்கையில் ஒப்பந்தம் எத்தனைன்னு கட்டம் இருக்கு, டிரம்முக்குக் கட்டம் இல்லை. இருபது வருஷ சர்வீஸில் புஷ் தேயாம நிறுத்தினது ஒண்ணுதான் உருப்படின்னு தோணுது, அதை எங்கேயும் எழுத முடியலை.

நேத்து ராத்திரி அவர்கிட்டேயிருந்து போன். "வாத்தியாரே, திரும்ப நாத்தம் வருது. அந்த டிரம் மூடியைக் கழட்ட இங்கே எவனுக்கும் தெரியலை." அவ்வளவுதான், வெச்சுட்டார்.

புதன் காலையில் போறேன். நீ கம்பெனிப் பக்கம் உட்கார்ந்து இந்த மாதிரி ஒப்பந்தம் நூறு பார்த்திருப்பே. ஒரே பக்கம், தமிழில், செவ்வாய்க்கிழமைக்குள்ள எழுதி அனுப்பு. உன் கம்பெனி வக்கீல் பாஷை வேண்டாம். அவர் கண்ணாடி போட்டு வரிவரியாப் படிக்கிற ஆளு.

வரும்போது தட்டுவடை செட் நான் வாங்கித் தர்றேன்.

உன்
வாத்தி